கால்குலேட்டர் தலையாட்டிய கணக்கு

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1995-இல் ஒரு காட்சி வந்தது. அப்பா ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் நுழைந்துவிடுவார். அங்கே எண்களும் சமன்பாடுகளும் மிதந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று இது:

1782¹² + 1841¹² = 1922¹²

கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும் இந்த வரியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் சாரா கிரீன்வால்ட். வட கரோலைனா மாநிலத்தில், பூன் என்ற ஊரிலுள்ள அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். சாண்டா மோனிகா கல்லூரியின் ஆண்ட்ரூ நெஸ்லரோடு சேர்ந்து, இந்தத் தொடரில் வரும் கணக்குகளைத் தேடித் திரட்டி, மாணவர்களுக்குப் பயிற்சிகளாக்கினார். கணக்கு என்றாலே பயப்படுகிற மாணவரும் கார்ட்டூன் என்றால் நிமிர்ந்து உட்காருவார் அல்லவா?

சரி, அந்த வரியில் என்ன விசேஷம்? 3² + 4² = 5² என்பது உங்களுக்குத் தெரியும். வர்க்கத்துக்குப் பதில் கனம் போட்டால்? நான்காம் அடுக்கு, பன்னிரண்டாம் அடுக்கு? அப்படி மூன்று மிகை முழு எண்கள் கிடைக்கவே கிடைக்காது என்று 1637 வாக்கில் பிரான்சைச் சேர்ந்த கணிதவியலாளர் ஃபெர்மா எழுதிவைத்தார். 350 ஆண்டுகளுக்கும் மேலாக யாராலும் அதை நிறுவ முடியவில்லை. கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் அதை நிறுவிய ஆய்வு அச்சில் வந்தது, அதே 1995-இல்தான்!

அப்படியானால் கார்ட்டூன் ஃபெர்மாவைத் தோற்கடித்துவிட்டதா? பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் இடப்பக்கத்தைக் கூட்டி, பன்னிரண்டாம் படி மூலம் எடுத்துப் பாருங்கள். 1922 என்றே வரும்! ஆனால் உண்மையான விடை 1921.99999995… கடைசி இலக்கங்களுக்குத் திரையில் இடமில்லை, அவ்வளவுதான். தொடரின் எழுத்தாளர் டேவிட் கோஹன் கணினி நிரல் எழுதி, இப்படி மயிரிழையில் தவறும் எண்களைத் தேடிப் பிடித்திருந்தார்.

பெரிய கால்குலேட்டர் இல்லாமலே இதன் குட்டை உடைக்கலாம். இரட்டைப்படை எண்ணை எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைப்படைதான். ஒற்றைப்படையை அதனாலேயே பெருக்கினால் ஒற்றைப்படைதான். 1782 இரட்டை, 1841 ஒற்றை. கூட்டினால் ஒற்றை. வலப்பக்கம் 1922-ஓ இரட்டை. எப்படிச் சமமாகும்? நாற்பது இலக்க எண்களை இரண்டே வரியில் மடக்கிவிட்டோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1998-இல் ஹோமர் கரும்பலகையில் இன்னொன்று எழுதினார்: 3987¹² + 4365¹² = 4472¹². இங்கே ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்து இரட்டை. பழைய சோதனை பலிக்காது. இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 3987-க்கு 27, 4365-க்கு 18. இரண்டும் மூன்றால் வகுபடும்; எனவே அந்த எண்களும் வகுபடும். ஆகவே இடப்பக்கம் முழுவதும் வகுபடும். 4472-க்கு 17. வகுபடாது!