அக்டோபர் 14-க்குப் பிறகும் ஓடுகிற கணினி

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிய நாள். மறுநாள் காலை அந்தக் கணினிகள் எல்லாம் வழக்கம்போலத்தான் எழுந்தன. கணக்கு எழுதும் டாலி திறந்தது, பிரிண்டர் ஓடியது, யூடியூப் பாடியது. ‘சப்போர்ட் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க, நல்லாத்தானே ஓடுது?’ என்று கேட்டவர்கள் ஏராளம். நியாயமான கேள்வி. ஆதரவு முடிந்த இயங்குதளம் அதனாலேயே மெதுவாகிவிடாது, தன்னைப் பூட்டிக்கொள்ளாது. பிறகு எதற்கு இத்தனை எச்சரிக்கை?

2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று, அதுவரை தெரியவந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்களை மொத்தமாக வெளியிடும். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் ஓட்டை இல்லாமல் இருக்காது. ஒரே மாதத்தில் நூற்றுக்கு மேல் அடைபட்டதும் உண்டு. அவசரமாகக் கிளம்பும்போது ‘அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்’ என்று எரிச்சலூட்டுகிற அந்தத் திரை இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஆதரவு முடிந்தது என்றால் இந்தத் திருத்தம் இனி வராது. அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ சின்ன விஷயமில்லை.

விண்டோஸ் 11 உள்ள கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ver என்ற மூன்று எழுத்தைத் தட்டிப் பாருங்கள். பதிலில் வரும் பதிப்பு எண் 10.0 என்றே தொடங்கும். வெளித்தோற்றம் மாறினாலும் 10, 11 இரண்டுக்கும் அடித்தளம் பெருமளவு ஒன்றுதான். எனவே 11-இல் கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டை பெரும்பாலும் 10-லும் இருக்கும். செவ்வாயன்று 11-க்குத் திருத்தம் வந்ததும், தாக்குபவர்கள் திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். எந்த இடத்தில் நிரல் மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்தது. ஒரே மாதிரிப் பூட்டு போட்ட இரண்டு வீடுகளில் ஒருவர் மட்டும் ‘இந்தப் பூட்டைக் குண்டூசியால் திறக்க முடிகிறது’ என்று சொல்லி மாற்றினால், அடுத்த வீட்டுக்காரர் கதி என்ன? கைவிடப்பட்ட இயங்குதளத்தின் ஆபத்து இதுதான். புதிய பதிப்புக்கு வருகிற ஒவ்வொரு திருத்தமும் பழையதைத் தாக்க வழி சொல்லிக்கொடுக்கிறது. முதல் மாதம் பெரிய வித்தியாசம் தெரியாது. மாதங்கள் கூடக் கூட அடைபடாத ஓட்டைகளும் கூடும்.

‘ஆன்டிவைரஸ் இருக்கே’ என்பார்கள். விண்டோஸ் 10-இன் டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை புதிய வைரஸ் அடையாளங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பது உண்மை. எட்ஜ் உலாவிக்கும் அதுவரை திருத்தம் உண்டு. நாம் வெளியுலகைத் தொடுவது பெரும்பாலும் உலாவி வழியாகத்தான் என்பதால் இது நல்ல செய்தி. ஆனால் ஆன்டிவைரஸ் உள்ளே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கும். சுவரில் இருக்கிற ஓட்டையைப் பூசாது.

இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது வான்னாக்ரை. 2017 மே 12 அன்று கிளம்பிய இந்தப் பணயத் தீநிரல் சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ‘எல்லாம் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யால் வந்த வினை’ என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அது சரியில்லை. மாட்டிக்கொண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்றைக்கு விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு மாதமாக அதைப் போடவில்லை. ஆதரவு இருந்தும் திருத்தத்தைத் தள்ளிப்போடுகிறவரும், ஆதரவே இல்லாதவரும் தாக்குபவர் கண்ணுக்கு ஒன்றுதான். 2014-இலேயே கைவிட்ட எக்ஸ்.பி.க்கும் அந்த வாரம் மைக்ரோசாஃப்ட் இலவசமாக ஒரு திருத்தம் கொடுத்தது. 2019-இல் இன்னொன்று. ‘பெரிய ஆபத்து என்றால் அவர்களே தருவார்கள்’ என்று இதை நம்பி உட்கார்ந்திருப்பது, எனக்குத் தெரிந்தவரை, வீண் நம்பிக்கை.

பெரிய நிறுவனங்களும் இதில் சுறுசுறுப்பானவை அல்ல. எக்ஸ்.பி.யின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. ஏ.டி.எம்.களிலிருந்து அதை அகற்றும்படி ரிசர்வ் வங்கி கெடு விதித்துச் சுற்றறிக்கை விட்டது 2018 ஜூனில்! அகற்றி முடிக்கக் கொடுத்த அவகாசம் 2019 ஜூன் வரை.

சரி, வீட்டிலோ கடையிலோ விண்டோஸ் 10 கணினி இருக்கிறது. என்ன செய்யலாம்? கடையில் கேட்டால் ‘புதுசு வாங்கிடுங்க சார்’ என்பார்கள். அதற்கு முன் கணினிக்கு உள்ளே ஒருமுறை பார்த்துவிடலாம். செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தில் பிராசஸரின் பெயர் இருக்கும். இன்டெல் ஐ5-8250யூ என்றிருந்தால், கோட்டுக்குப் பிறகு வரும் 8 என்பது எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டு. ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை. சில விதிவிலக்குகள் தவிர ஏழாம் தலைமுறைக்கு அனுமதி இல்லை. எண் ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை. ஏ.எம்.டி. ரைசனில் ஏறக்குறைய 2000 வரிசையிலிருந்து தேறும். சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்களும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுவது நல்லது. ‘விண்டோஸ் 11 போட்டே தர்றோம்’ என்ற வாக்குறுதி மட்டும் போதாது.

அடுத்தது டி.பி.எம். மறைகுறியீட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பாதுகாப்புப் பகுதி அது. தனிச் சில்லாகவும் இருக்கலாம், பிராசஸருக்குள்ளேயே அடங்கியும் இருக்கலாம். விண்டோஸ் விசையையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, tpm.msc என்று தட்டினால் பதிப்பு 2.0 என்று வர வேண்டும். ‘இல்லை’ என்று வந்தால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். பல கணினிகளில் அந்த வசதி இருந்தும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பி.டி.டி., ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் தேடி இயக்கினால் ‘தகுதியில்லை’ என்ற கணினி தகுதி பெற்றுவிடும். ஒரு எச்சரிக்கை: பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினியில் பயாஸை மாற்றினால், அடுத்த முறை திறக்கையில் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். அதை முன்கூட்டியே எழுதி வைக்காதவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

தகுதி இருந்தால் 11-க்கு ஏறிவிடுங்கள். செலவில்லை, யோசிக்க ஒன்றுமில்லை. தகுதி இல்லாத கணினிதான் யோசிக்க வைக்கும்.

அதற்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த வாய்தா ஒன்று உண்டு. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தொடரும். கட்டணம் 30 டாலர். செட்டிங்ஸை அவர்களுடைய மேகக்கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு, மூன்று ஆண்டு வரை. இந்த ஏற்ற விகிதமே சொல்கிறது, சீக்கிரம் கிளம்பச் சொல்கிறார்கள் என்று. பணம் சேரும்வரை, அல்லது பிள்ளையின் கல்லூரி முடியும்வரை காத்திருக்க இது நல்ல ஏற்பாடு. அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

ரூஃபஸ் போன்ற கருவிகளால் தகுதிச் சோதனையை ஏமாற்றி 11-ஐ ஏற்றும் வித்தையும் நடக்கிறது. நடக்கும்வரை நடக்கும். அப்படிப்பட்ட கணினிகளுக்குத் திருத்தம் தர உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, அது எதிர்பார்க்கும் சில கட்டளைகளை அறியாத பழைய பிராசஸர்களில் விண்டோஸ் எழவே மறுத்தது. விளையாடிப் பார்க்கச் சரி, கணக்கு வழக்குப் பார்க்கும் கணினியில் இது வேண்டாம்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்? இந்த யோசனை நமக்குப் புதிதில்லை. 2014-இல் எக்ஸ்.பி. விடைபெற்றபோது, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசே துறைகளுக்கு அறிவுறுத்தியது. இன்றைக்குப் புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, எட்டு ஜி.பி. ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் ஏழாம் தலைமுறைக் கணினி அதில் சிட்டாகப் பறக்கும். பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா, தமிழ் 99-இல் தட்டச்சு வருகிறதா என்று பாருங்கள். உலாவி, மின்னஞ்சல், கடிதம், சினிமா ஆகியவற்றுக்கு இது தாராளம். டாலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. அதில்தான் பிழைப்பு என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

இத்தனைக்கும் அடங்காத ஒரு வகை இருக்கிறது. சிறு அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் பார்த்திருப்பீர்கள்: மூலையில் தூசு படிந்த ஓர் எக்ஸ்.பி. கணினி, அதில் 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7. யூனிகோடை அது அறியாது. பழைய எழுத்துருவுக்கான டாங்கிளைச் செருகினால்தான் தமிழ் வரும். இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகளும் பில் புத்தகங்களும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. ‘மாத்துங்க’ என்று சொல்வது சுலபம். அந்தக் கணினியைத் தூக்கி எறிந்தால் தொழிலையே எறிந்த மாதிரி. என் தீர்ப்பு: அது ஓடட்டும், இணையம் மட்டும் வேண்டாம். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். வேலையை பி.டி.எஃப். ஆக்கி வேறு கணினி வழியாக அனுப்புங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை நேராக இதில் செருகாதீர்கள். 2008 இறுதியில் கிளம்பிய கான்ஃபிக்கர் பென்டிரைவ் வழியாகவும் பரவிய புழுதான். முதலில் புதிய கணினியில் செருகிச் சோதித்து, கடையின் சொந்தப் பென்டிரைவில் மாற்றிக் கொண்டுபோங்கள்.

வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி., மருத்துவ அறிக்கை, பிறருடைய ஆதார் நகல் என்று எதையாவது கையாளுகிற கணினிக்கு இந்தச் சலுகை கிடையாது. திருத்தம் வராத நாளிலிருந்து அதில் அந்த வேலை நடக்கக் கூடாது.

எந்த வழியில் போனாலும், முதலில் கோப்புகளை வெளி வட்டில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸில் மறந்துபோனவை, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் சேர்த்து. அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி, நாலு படத்தையும் நாலு கணக்கையும் திறந்து பார்த்த பிறகே பயாஸைத் தொடுங்கள்.