வீட்டுக்குள் மின்சாரம் – 9: கீசர் பிளக் ஏன் கருகுகிறது?

வோல்ட் எது, ஆம்பியர் எது என்று சென்ற வாரங்களில் பார்த்துவிட்டோம். இந்த வாரம் அவற்றை வைத்துக் கணக்குப் போடலாம். வீட்டுக்கு வேண்டிய கணக்கு இரண்டே இரண்டுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அதன் அளவு ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். அதன் அளவு வாட்.

வகுத்தல் கணக்கைத் தந்தவர் கியோர்க் ஓம். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். தந்தை பூட்டுத் தொழிலாளி. அன்றைய மின்கலங்களின் அழுத்தம் ஒரு நிலையில் நிற்காமல் அவருடைய அளவுகளைக் குழப்பியது. பொக்கெண்டார்ஃப் என்ற இயற்பியலாளர் ஒரு வழி சொன்னார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு இணைப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால், சிறிய, ஆனால் அசையாத மின்னழுத்தம் கிடைக்கும். அதை வைத்து அளந்துதான் 1826-ல் ஓம் தன் விதியை எட்டினார்.

நம் வீட்டு மின்னழுத்தமும் அசையாமல் நிற்பதில்லை. கீசரில் 2,000 வாட் என்று அச்சிட்டிருக்கும். பக்கத்திலேயே 230 வோல்ட் என்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் சுமார் 26.5 ஓம். ஹீட்டர் கம்பியின் தடை இதுதான். வோல்டேஜ் இறங்கினாலும் இது அநேகமாக மாறாது. மின்சாரம் 180 வோல்ட்டாக இறங்கிய வேளையில் அதே கம்பியில் 6.8 ஆம்பியர்தான் ஓடும். 180-ஐ 6.8-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1,225 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 16 நிமிடம் போதும் என்றிருந்தது 26 நிமிடமாகிறது. மீட்டரில் ஏறுவது இரண்டு முறையும் ஏறக்குறைய அரை யூனிட்தான். ‘லோ வோல்டேஜில் கீசர் போட்டால் பில் எகிறும்’ என்ற பயம் வேண்டாம். மோட்டார் ஓடும் சாதனங்களின் கதை வேறு. அது அடுத்த வாரம்.

இந்தக் கணக்கு நம்மைக் காப்பாற்றும் இடம் பிளக். பின்னைச் சாக்கெட்டுக்குள் இறுக்கிப் பிடிக்கும் பித்தளைத் தகடு நாளடைவில் தளர்ந்துபோகும். எலக்ட்ரீசியன்கள் ‘லூஸ் காண்டாக்ட்’ என்பது இதைத்தான். அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டானதாக வைத்துக்கொள்வோம். கீசரின் 26.5 ஓமோடு அதுவும் சேர்வதால் மின்னோட்டம் சற்றே குறைந்து 8.5 ஆம்பியர் ஆகிறது. வோல்ட் என்பது ஆம்பியரையும் ஓமையும் பெருக்கினால் வருவது. ஆகவே அந்தப் புள்ளியில் விழும் அழுத்தம் 4.25 வோல்ட். அதை 8.5-ஆல் பெருக்கினால் 36 வாட்.

36 வாட் என்பது குறைவாகத் தோன்றலாம். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடக் கூடுதலான சூடு, காற்றோட்டமில்லாத ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், பின் நுனியில், ஒவ்வொரு குளியலுக்கும் எரிகிறது. பிளாஸ்டிக் இளகுகிறது, பித்தளை கறுக்கிறது, கறுத்த இடத்தில் தடை இன்னும் கூடுகிறது.

அதே சாக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகினால் ஒன்றுமே ஆகாது. அது இழுப்பது ஆம்பியரில் மிகச் சிறு பங்கு. மின்னோட்டம் பாதியானால் இந்தச் சூடு கால்பங்காகிவிடும். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸுக்கு அது 9 வாட்தான். ‘சார்ஜர் நன்றாகத்தானே வேலை செய்கிறது’ என்று சாக்கெட்டை நம்புவது தவறு. எம்சிபி காப்பாற்றும் என்று இருப்பதும் தவறு. அது அளவுக்கு மீறிய மின்னோட்டத்துக்குத்தான் விழும்; இங்கே மின்னோட்டம் குறைந்தல்லவா இருக்கிறது! பல ஆயிரம் கொடுத்துக் கீசர் வாங்குகிறவர்கள் சாக்கெட்டில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

இன்று கீசரைப் பயன்படுத்தி முடித்ததும் சுவிட்சை அணையுங்கள். ஈரமில்லாத கையால் பிளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் பாதகமில்லை. கை வைக்க முடியாத சூடு, கறுத்த பின், கருகிய வாடை, இவற்றில் எது இருந்தாலும் கீசரை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். காகிதத்தை மடித்துச் செருகி இறுக்க வேண்டாம். பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. தளர்ந்த சாக்கெட் புதுப் பின்னையும் கருக்கிவிடும். இரண்டையும் 16 ஆம்பியர் தரத்தில் சேர்த்தே மாற்றுங்கள்.