கேட்காமல் இறங்கும் கழிவு

தில்லி கிட்வாய் நகரை ஒட்டிச் செல்லும் குஷக் நாலா மழைநீருக்கான கால்வாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடப்பவர்களுக்கு அது வெறும் சாக்கடை. பாராபுல்லா கால்வாய் வழியே யமுனையில் விழுகிறது.

1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி, இசைவு பெறாமல் கழிவுநீரை வெளியேற்றக் கூடாது. தில்லியில் இசைவு தருவதும், மாதந்தோறும் யமுனை நீரைச் சோதிப்பதும் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுதான். குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும். ஓக்லா அருகே பல மாதங்களில் கிடைத்தது பூஜ்யம்.

வஜீராபாத் முதல் ஓக்லா வரை 22 கி.மீ. ஆற்றின் நீளத்தில் 2 சதவீதம்கூட இல்லை. மாசில் முக்கால் பங்கு அங்கேதான் சேர்கிறது.

ஆலைக்கு இசைவும் நிபந்தனையும் உண்டு. சாக்கடை இணைப்பில்லாத குடியிருப்புகளின் கழிவோ யாரையும் கேட்காமல் கால்வாய்களில் இறங்குகிறது. அதைத் தடுக்காதவரை, மாதாந்தர அறிக்கை நோயை மட்டுமே சொல்லும்.