இருட்டில் கிளம்புகிற ஊர்

1981 டிசம்பர் 31, இரவு மணி 11.30. தீபகற்ப மலேசியாவில் எல்லாரும் கடிகார முள்ளை அரை மணி முன்னால் தள்ளி, இதுதான் பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டு புத்தாண்டுக்குள் நுழைந்தோம். சபா, சரவாக்கிலும் இங்கேயும் ஒரே நேரம் இருக்கவேண்டும் என்பது அரசின் முடிவு. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. சூரியனுக்கு மட்டும் யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அது இன்னமும் ஏழு மணியை ஒட்டித்தான், பல மாதங்களில் ஏழைத் தாண்டித்தான் கிள்ளானில் எட்டிப் பார்க்கிறது. கோலாலம்பூரில் வேலை பார்க்கிற கிள்ளான்காரர் அதற்குள் பாதி வழி போயிருக்க வேண்டும்.

அதிகாலை ஐந்து மணிக்கு எழுகிறவரே முன்னேறுவார் என்று எழுதுகிற புத்தகங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கிள்ளானில் ஐந்து மணிக்கு எழுவது சாதனை இல்லை. பிள்ளைக்கு டிபன் கட்டுகிற நேரம் அது.

என் அக்காள் மகள் அப்படி எழுகிறவள். கே.எல். சென்ட்ரலை ஒட்டிய ஓர் அடுக்குமாடி அலுவலகத்தில் கணக்கு வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். “நாளு பத்தல மாமா. போன்ல மூணு ஆப் போட்டுப் பாத்துட்டேன். அதைப் பாக்கவே நேரம் பத்தல.”

ஆப்பை அழித்துவிட்டு ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். என்ன செய்யவேண்டும் என்று அதில் எழுதக்கூடாது. நேரம் எங்கே போனது என்று மட்டும் எழுதவேண்டும், ஒரு வாரம். யோசனை என்னுடையதில்லை. பீட்டர் டிரக்கர் 1967இல் எழுதிய ‘தி எஃபெக்டிவ் எக்ஸிகியூட்டிவ்’ நூலில் முதல் வேலையாகச் சொல்வது இதைத்தான். நம் நேரம் எதில் போகிறது என்று நாம் நினைப்பதும் உண்மையில் போவதும் வேறு வேறு என்பது அவர் கண்டது.

வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்தோம். காடியில் பதினைந்து மணி நேரம். கூட்டங்களில் ஒன்பது. இரவில் சோபாவில் உட்கார்ந்து அலுவலக வாட்ஸ்அப்புக்குப் பதில் போட்டது ஆறு. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தது இரண்டு. அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பதினைந்து மணியும் கூட்டரசு நெடுஞ்சாலை தின்றது. 2018 ஜனவரி 1 முதல் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் டோல் ரத்தானது. சில்லறை மிச்சமாயிற்று, நிமிடம் மிச்சமாகவில்லை. ஷா ஆலாமில் பிரேக்கில் வைத்த கால் பெட்டாலிங் ஜெயா வரைக்கும் எழாது. மோட்டார் சைக்கிள்காரர்கள் தங்கள் தனித்தடத்தில் பறந்து போவதைப் பார்த்துக்கொண்டே ஊரவேண்டியதுதான்.

கொமியூட்டர் ரயிலில் போ என்றேன். “ரயில் இன்னும் லேட்டாவும் மாமா” என்றாள். நிஜந்தான். வீட்டு வாசலிலிருந்து அலுவலக மேசை வரைக்கும் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. போகவர ஐந்து நாளுக்குப் பதினாறு மணி நாற்பது நிமிடம், காடியைவிட அதிகம். ஆனால் அதில் பத்து மணி நேரம் அவள் கையில் ஸ்டியரிங் இல்லை. பெண்களுக்கென்று 2010இல் வந்த இளஞ்சிவப்புப் பெட்டி நடுவில் இருக்கிறது; கிள்ளானில் ஏறினால் பல நாள் இடமும் கிடைக்கிறது. பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா என்று ஒவ்வொன்றாகப் போகும்போது சிலநாள் தூங்குகிறாள், சிலநாள் மகனின் கணக்குப் பாடத்தைத் தானும் போட்டுப் பார்க்கிறாள். விரைவாகப் போவதும் நேரத்தை மிச்சம் பிடிப்பதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அது பிசகு. ரயில் தாமதமாகிற நாளில் அவள் என்னைத் திட்டுவதும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தடம் புதிதில்லை. கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் ரயில் 1886இல் இணைத்தது. பிரிக்பீல்ட்ஸ் அந்த ரயிலால் வளர்ந்த ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் இங்கே குடியிருந்து, மணி பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தார்கள். பழைய ரயில் பணிமனை இடத்தில்தான் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறந்தது.

கிள்ளான் பக்கத்துக் கடிகாரம் வேறு மாதிரி. அங்கே அது தோட்டத்து மணி. பொழுது விடியுமுன் மணி அடித்தால் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும், தண்டல் பெயர் கூப்பிடுவார். குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். அந்த இருட்டுக்கு ஒரு காரணமாவது இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், கூலி உயர்வையும், துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற அவமானத்தையும் சொல்வார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலைநாளை ஒழிக்கவேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நேரம் கேட்டது அவ்வளவு பெரிய குற்றமாக இருந்த இடம் இது.

இப்போது அந்தத் தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. பெரட்டு மணி வாட்ஸ்அப்பில் அடிக்கிறது, இரவு பத்தரைக்கு.

அவளுடைய ஒன்பது மணி நேரக் கூட்டங்களுக்கு வருவோம். அலுவலக வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினாலும் அது அவ்வளவுக்கும் ஊதிக்கொள்ளும் என்று சொன்ன பார்க்கின்சன், அதை 1955இல் எழுதியபோது, அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். உலகமே மேற்கோள் காட்டும் விதி இந்தப் பக்கத்து வெயிலில் பிறந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஒரு மணிக் கூட்டத்தை அரை மணியாக்கிப் பார் என்றேன். அவள் கூட்டக்கூடியவை இரண்டே. இரண்டையும் குறைத்தாள், யாரும் கவனிக்கவே இல்லை. மற்றவை மேலதிகாரி கூட்டுபவை. அங்கே எந்தப் புத்தகமும் செல்லாது.

செல்லக்கூடியது சட்டம். வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. வாரத்துக்கு 48 மணி என்றிருந்த உச்சவரம்பு 45 ஆனது. கூடவே 60P என்ற பிரிவும் நுழைந்தது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கூடுதல் நேரச் சம்பளமும் மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் வாங்குகிறவர்களுக்குத்தான். ஓட்டை நிறைய. ஆனாலும் வாயால் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்புவதைவிட, கடிதம் கொடுத்துத் தேதி குறித்துக்கொள்வது மேல். நம்மவர்கள் இதற்கு ஏனோ கூச்சப்படுகிறார்கள். “மொதலாளி தப்பா நெனச்சுக்குவாரு” என்பது, பெரட்டுக் களத்திலிருந்து நாம் சுமந்துவந்த சொத்து போலிருக்கிறது.

அவளும் கூசினாள். மூன்று வாரம் யோசித்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து வேலை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். அந்த இரண்டு நாளில் செய்யப்போகிற வேலைகளையும் வரிசையாகக் குறிப்பிட்டிருந்தாள். மாமாவிடம் காட்டாமலே கொடுத்தும் விட்டாள்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் ரயிலுக்கு ஓடுவதில்லை. துன் சம்பந்தன் சாலைவரை நடக்கிறாள். முருங்கைக்காய், ஒரு முழம் பூ, பிள்ளைகளுக்கு வடை. கூட்டம் கொஞ்சம் வடிந்ததும் அடுத்த ரயில். போன வெள்ளிக்கிழமை அவளோடு நானும் நடந்தேன். பூக்கடையில் சில்லறைக்காகப் பையைத் துழாவியபோது நோட்டு வெளியே வந்தது. கடைசிப் பக்கத்தில் நாள்கணக்கைக் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“பதில் வந்துச்சா?” என்றேன்.

“இல்ல மாமா. இன்னைக்கு நாப்பத்தியொண்ணு.”