கடலோரப் பசுமை வழி

கனடா நாட்டின் மேலைக் கடற்கரையில் அமைந்த மாநகரங்களுள் தலைசிறந்தது வான்கூவர். வடக்கே பனி படர்ந்த மலைத்தொடர். அம்மலைக்கும் நகருக்கும் இடையே பசிபிக் மாகடலின் ஒரு கிளை. மேற்கே விரிந்த கடல். தெற்கே பிரேசர் ஆறு. இவ்வாறு மூன்று புறமும் நீர் சூழ்ந்த அந்நகரின் கரையை ஒட்டி ஒரு வழி வளைந்து வளைந்து செல்கின்றது. துறைமுகத்தின் அருகே தொடங்கி, நகரின் மேற்கே உள்ள ஸ்பானிஷ் பாங்க்ஸ் என்னும் மணற்கரை வரையில் அதன் நீளம் 28 கிலோமீட்டர். நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் என வகுக்கப்பட்ட அவ்வழியைக் கடலோரப் பசுமை வழி என்று அந்நகரத்தார் அழைக்கின்றனர்.

பசுமை வழி என்பது மரஞ்செடிகள் நிறைந்த பாதை என்று மட்டும் பொருள்படுவதன்று. மோட்டார் வண்டியின் அச்சமின்றி ஒருவர் தம் வீட்டிலிருந்து புறப்பட்டுப் பூங்காவையோ பள்ளியையோ கடைத்தெருவையோ அடையத்தக்க தொடர்ந்த வழியே பசுமை வழியாகும். இங்கே ‘தொடர்ந்த’ என்னும் சொல்லே உயிர்ச்சொல். பத்துக் கிலோமீட்டர் வழியில் ஒன்பது கிலோமீட்டர் இனிதாக அமைந்து, எஞ்சிய ஒன்று வண்டிகள் விரையும் பெருஞ்சாலையாக இருக்குமாயின், எட்டு வயதுச் சிறுவனை அவ்வழியே அனுப்ப எந்தத் தாயும் இசையமாட்டாள். அவளுக்கு அவ்வழி இருந்தும் இல்லாததே. 1995-ஆம் ஆண்டில் வான்கூவர் நகரமன்றம் பசுமை வழித் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. பதினான்கு வழிகள், ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளம் என்று அத்திட்டம் வகுத்தது. எந்த வீட்டிலிருந்தும் இருபத்தைந்து நிமிட நடையில், அல்லது பத்து நிமிட மிதிவண்டிச் செலவில், ஒரு பசுமை வழியை அடைய இயல வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கடலோர வழியோ இத்திட்டத்தினும் மிகப் பழமையானது. நகரின் முனையில் ஸ்டான்லி பூங்கா என்னும் பெருங்காடு உள்ளது. அதனை அடுத்த ஒடுங்கிய நீர்வழியில் கப்பல்கள் செல்லுந்தோறும் எழுந்த அலைகள் கரையை அரித்து வந்தன. அரிப்பைத் தடுக்க 1917-ஆம் ஆண்டில் கருங்கல் சுவர் ஒன்றை எழுப்பத் தொடங்கினர். கரையைக் காக்க எழுந்த சுவரே பின்னர் மக்கள் உலாவும் பாதையாயிற்று. ஜேம்ஸ் கன்னிங்காம் என்னும் கல்தச்சர் தம் வாழ்நாளில் முப்பத்திரண்டு ஆண்டுகளை இப்பணிக்கே ஈந்தார். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும், சுவர் எவ்வளவு வளர்ந்துள்ளது என்று பார்ப்பதற்காக அவர் அடிக்கடி கரைக்கு வருவாராம். எனினும் பூங்காவைச் சுற்றிய ஒன்பது கிலோமீட்டர் வளையம் நிறைவுற்றதை அவர் காணவில்லை. அது 1971-ஆம் ஆண்டில்தான் முற்றுப்பெற்றது.

அடுத்த பகுதி ஃபால்ஸ் கிரீக் என்னும் கடற்கழியின் ஓரம். ஒரு காலத்தில் அக்கழியைச் சூழ மரம் அறுக்கும் ஆலைகளும், கப்பல் கட்டும் துறைகளும், இருப்புப்பாதைக் கூடங்களும் நிறைந்திருந்தன. ஆலைகள் ஒவ்வொன்றாக நீங்கியபின், 1970-களில் தென்கரையில் குடியிருப்புகள் எழுந்தன. வடகரையில் 1986-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. தென்கிழக்குக் கரையில் 2010-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் வீரர்களுக்கான குடியிருப்பு அமைந்தது. இவ்வாறு பழைய ஆலை நிலங்கள் புது வாழ்வு பெற்றபோதெல்லாம், நீரோர நிலம் பொதுமக்களுக்கே உரியது என்று நகரத்தார் கொண்டனர். வழியும் கழியைச் சுற்றி வளர்ந்துகொண்டே வந்தது.

வெற்று நிலத்தில் வழி அமைத்தல் எளிது என்று எண்ணுவோர் ஒன்றை மறத்தலாகாது. அந்நிலம் எல்லாக் காலத்திலும் வெறுமையாக இருந்ததன்று. கழியின் தென்மேற்குக் கரையில், பரார்டு பாலத்தின் அடியில், ஸ்குவாமிஷ் பழங்குடியினரின் சிற்றூர் ஒன்று இருந்தது. 1913-ஆம் ஆண்டில் அவ்வூரார் அங்கிருந்து அகற்றப்பட்டனர். நெடிய வழக்கிற்குப் பின், பல பதிற்றாண்டுகள் கழித்து, அந்நிலத்தின் ஒரு சிறு பகுதியே அவர்களுக்கு மீண்டது.

கழியைக் கடந்து மேற்கே சென்றால் கிட்சிலானோ என்னும் குடியிருப்புப் பகுதி வருகின்றது. இங்கேதான் வழி தடைப்பட்டது. ஆலைகள் நீங்கிய நிலம் இங்கு இல்லை. பாயின்ட் கிரே சாலை என்னும் தெருவின் வடபுறத்தில் வீடுகள் பாறைக் கரையின் விளிம்பு வரையில் நெருங்கி நிற்கின்றன; இடையிடையே சில சிறு பூங்காக்கள் மட்டும் உண்டு. அவ்வீடுகள் கனடாவிலேயே மிகுந்த விலைபெறும் மனைகளைச் சேர்ந்தவை. நீரோரமாகப் பாதை அமைக்க வேண்டுமாயின் பாறையில் பெருஞ்சுவர் எழுப்ப வேண்டும்; அது கரையின் இயல்பையே மாற்றிவிடும். எனவே வழி தெருவிற்குள் நுழைந்தே ஆகவேண்டும். அத்தெருவிலோ, நகரின் மையத்திற்கும் மேற்குப் பகுதிக்கும் இடையே குறுக்கு வழி தேடியவர்களின் கார்கள் நாள்தோறும் ஏறத்தாழப் பதினாயிரம் சென்றுகொண்டிருந்தன. நடைபாதை குறுகலானது, மிதிவண்டிக்குத் தனி இடமே இல்லை.

குடியிருப்புத் தெருவின் வழியே பசுமை வழியைக் கொண்டுசெல்வதற்கு இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, தெருவின் ஒரு பகுதியைக் கல்வரம்பிட்டுப் பிரித்து மிதிவண்டிக்கென ஒதுக்குவது. வண்டிகள் மிகுதியாக ஓடும் அகன்ற சாலைக்கு இதுவே ஏற்றது. இரண்டாவது முறை நுட்பமானது. அது தெருவைப் பிரிப்பதில்லை; தெருவின் தன்மையையே மாற்றுகின்றது. அங்கு வாழ்வோரின் வண்டிகளும், அவர்களைக் காண வருவோரின் வண்டிகளும், பொருள் கொணரும் வண்டிகளும் வரலாம். ஆனால் ஒரு முனையில் புகுந்து மறு முனையில் வெளியேறும் வண்டிகளுக்கு மட்டும் வழி அடைபடும். சந்திப்பில் ஒரு கல்மேடை கட்டி, மிதிவண்டி மட்டும் புகத்தக்க இடைவெளி விட்டால் போதும். பதினாயிரம் வண்டிகள் ஓடிய தெருவில் பின்னர்ச் சில நூறு வண்டிகளே ஓடும். அந்நிலையில் மிதிவண்டியும் காரும் ஒரே பரப்பில் இடரின்றிச் செல்லலாம்.

இதனுடன் வேகமும் குறைய வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் மோதும் ஆற்றலோடு ஒப்பிட்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வருவதன் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கினைச் சற்றே மிஞ்சும், அவ்வளவே. ஓட்டுபவர் தடையைக் கண்டு வண்டியை நிறுத்துவதற்கு வேண்டிய தொலைவும் பாதிக்கும் கீழாகக் குறையும். அறிவிப்புப் பலகையை நட்டால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. மேடும் வளைவும் குறுகலுமே ஓட்டுபவரின் காலைத் தடுப்பவை. வான்கூவரின் பல தெருச் சந்திப்புகளில் நடுவே வட்ட மேடைகள் உள்ளன. அவற்றில் பூஞ்செடி நட்டு நீர் வார்ப்பவர்கள் பெரும்பாலும் அத்தெருவில் வாழும் தொண்டர்களே. பசுமை வழி பெருஞ்சாலையைக் கடக்கும் இடங்களில், மிதிவண்டியிலிருந்து இறங்காமலே அழுத்தத்தக்க பொத்தான்கள் சாலையோரத்தில் அமைந்துள்ளன. அழுத்தினால் சற்று நேரத்தில் பெருஞ்சாலையின் வண்டிகள் நிற்கும். சிறு பொருள்தான், ஆயினும் அது இல்லையேல் முதியவர் ஒருவர் சாலையின் இப்புறத்திலேயே நெடுநேரம் காத்துக்கிடக்க நேரும்.

இவ்வளவும் பொறியியலார் அறிந்தவையே. அரிதானது ஊராரின் இசைவைப் பெறுதல். இதற்கு முன்னரே நகரம் ஒரு பாடம் கற்றிருந்தது. 1996-ஆம் ஆண்டில் பரார்டு பாலத்தின் ஒரு வண்டித்தடத்தை ஆறு திங்கள் மிதிவண்டிக்கு விட்டுப் பார்க்க முனைந்தனர். நெரிசலால் எழுந்த கூச்சலைத் தாங்க இயலாமல் ஒரு வாரத்திற்குள் அம்முயற்சி கைவிடப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2009-ஆம் ஆண்டு ஜூலையில், மீண்டும் அதே முயற்சி நடைபெற்றது. நகரமே நின்றுவிடும் என்று பலர் அஞ்சினர். செய்தியாளர்கள் விடியற்காலையிலேயே பாலத்தருகே திரண்டனர். அவர்கள் எதிர்பார்த்த நெரிசல் வரவில்லை. சில ஆண்டுகளில் அப்பாலத்தைக் கடந்த மிதிவண்டிகளின் எண்ணிக்கை ஆண்டிற்குப் பத்து இலட்சத்தை விஞ்சியது.

2013-ஆம் ஆண்டில் பாயின்ட் கிரே சாலையின் முறை வந்தது. அவ்வாண்டு ஜூலையில் நகரமன்றம் இப்பொருளை ஆராய்ந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் பேச முன்வந்தனர். கேட்பு பல நாள்கள் நீண்டது. எதிர்த்தவர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. “ஊரிலேயே செல்வம் மிக்கவர்கள் வாழும் தெருவைப் பொதுப்பணத்தால் அமைதியான தெருவாக மாற்றுவது எவ்வாறு நீதியாகும்? அவர்கள் மனையின் விலை உயரும்; அங்கிருந்து விலகும் வண்டிகளோ மக்டொனால்டு தெரு வீடுகளின் முன்னால் செல்லும். அங்கு வாழ்வோரின் குழந்தைகள் குழந்தைகள் அல்லரா?” என்று அவர்கள் வினவினர். கடைக்காரர்கள் வாடிக்கை குறையும் என்றனர். இசைந்தவர்கள் கூறியது வேறு: “தெரு அங்கு வீடு கட்டியவர்களுக்கு மட்டும் உரியதன்று. கடற்கரை எல்லோருக்கும் உரியது. அதனை அடையக் கார் இல்லாதவருக்கும், காரோட்ட இயலாதவருக்கும் பாதுகாப்பான வழி வேண்டும். இவ்வொரு துண்டு இல்லாமையால் மற்ற இருபது கிலோமீட்டரும் பயன் குன்றிக் கிடக்கின்றது.” இரு திறத்தாரும் உண்மையையே கூறினர். மன்றம் திட்டத்திற்கு இசைவளித்தது.

பாலத்தின் தென்முனைச் சந்திப்பு திருத்தி அமைக்கப்பட்டது. வண்டிகள் நிறைந்த கார்ன்வால் சாலையை விட்டு, அதற்கு இணையாக ஓடும் அமைதியான யார்க் தெருவின் வழியே மிதிவண்டித் தடம் கொண்டுசெல்லப்பட்டது. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மக்டொனால்டு தெருச் சந்திப்பிற்கு மேற்கே பாயின்ட் கிரே சாலை ஊடுசெல்லும் வண்டிகளுக்கு அடைபட்டது. விரைவு வரம்பு 30 கிலோமீட்டர் ஆயிற்று. சில திங்கள்களிலேயே அத்தெருவின் தோற்றம் மாறியது. தந்தையர் தம் மக்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிக்க அங்கு வந்தனர். ஓடுவோரும் உலாவுவோரும் நடைபாதையை விட்டுத் தெருவின் நடுவிலேயே சென்றனர்.

எல்லாத் துண்டுகளும் இவ்வாறு நிறைவேறவில்லை. அதே 2013-ஆம் ஆண்டில், கிட்சிலானோ கடற்கரைப் பூங்காவின் வழியாகவும் அதனை அடுத்த ஹேடன் பூங்காவின் வழியாகவும் மிதிவண்டிப் பாதை அமைக்கப் பூங்கா வாரியம் முடிவு செய்தது. ஆனால் ஹேடன் பூங்கா கொடையாக வந்த நிலம். ஹார்வி ஹேடன் என்பவர் 1928-ஆம் ஆண்டில் அதனை நகருக்கு ஈந்தபோது, இயன்றவரை இயற்கை நிலையிலேயே அது காக்கப்பட வேண்டும் என்று விதித்திருந்தார். உண்ண அமரும் புல்வெளியைப் பிளந்து பாதை போடுவதா என்று ஊரார் சினந்தனர், வழக்கும் தொடரப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் அப்பாதைத் திட்டம் கைவிடப்பட்டது. பசுமை வழிக்காகப் பசுமையையே அழித்தல் முறையோ என்று கேட்டவர்களின் வினாவில் பொருள் இருந்தது.

பாயின்ட் கிரே சாலையிலும் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. நடைபாதை மிகக் குறுகலாக இருந்தமையால், சக்கர நாற்காலியில் வருவோரும் குழந்தை வண்டி தள்ளுவோரும் எதிர்வருபவருக்கு விலகி நிற்க இடமின்றி இடர்ப்பட்டனர். அதனை அகலப்படுத்த அளந்தபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. வீட்டார் பலர் ஆண்டாண்டாக வளர்த்து வந்த வேலிச்செடிகளும் புல்தரைகளும் கற்படிகளும் அவர்கள் மனைக்கு வெளியே, நகருக்குரிய தெரு நிலத்தில் அமைந்திருந்தன. ஒருவரும் வேண்டுமென்று கவர்ந்தாரல்லர். செடி தானே பரவும். கேட்பாரில்லையேல் எல்லையும் மறைந்துபோம். எனினும் தம் கையால் நட்ட வேலி வெட்டப்படுவதைக் கண்ட வீட்டார் வருந்தினர். வண்டிகளே குறைந்துவிட்ட தெருவில் அகன்ற நடைபாதை எதற்கு என்றும் அவர்களுள் சிலர் கேட்டனர். தெருவின் நடுவில் நடக்க அஞ்சும் கண்பார்வை குன்றியவர்க்கு நடைபாதை வேண்டுமென்பது அதற்கு விடை. 2016, 2017-ஆம் ஆண்டுகளில் அப்பணி நடைபெற்றது.

மக்டொனால்டு தெருவாரின் குறை மட்டும் அவ்வாறு தீரவில்லை. விலகிய வண்டிகளுள் பல அகன்ற சாலைகளில் பரவிச் சென்றன. ஆயினும் ஒரு பங்கு அவர்கள் வாயிலின் முன்னால்தான் திரும்பியது. பேருந்தும் செல்லும் அத்தெருவில் மாலை வேளைகளில் வண்டிகளின் வரிசை நீள்வதாக அவர்கள் நகரமன்றத்தாரிடம் முறையிட்டனர். அச்சந்திப்பில், கிழக்கேயிருந்து வரும் கார் இடப்புறம் திரும்பி அவர்கள் தெருவினுள் நுழைகின்றது; அதனுடன் வந்த மிதிவண்டி நேரே கடலோரம் செல்கின்றது.