மழைத் தெருவும் பின்சில்லும்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பழைய மாணவர் பலரும் தம் ஆசிரியரைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் எழுதுவர் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். மழையில் நனைந்த தெருவிலே மோட்டார் வண்டியின் பின்சில்லுகள் பிடியிழந்து வழுக்குவது ஏன், வழுக்கியபொழுது சாரதி செய்யத்தக்கது யாது என்பதே அப்பொருள். இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் 1966ஆம் ஆண்டில் ஒரு பிற்பகலில் நாம் அடைந்த பேரச்சம்.

அவ்வாண்டு ஐப்பசி மாதத்தில், கொழும்பில் நடைபெறவிருந்த பழைய மாணவர் இராப்போசனத்துக்காக, பேராதனையிலிருந்து நால்வர் ஒரு மொறிஸ் மைனர் வண்டியிற் புறப்பட்டோம். வண்டி நம்முள் மூத்தவருக்குரியது. அவர் கணிதத்தில் வல்லவர். வளைவிற் செல்லும் பொருளின் சமன்பாட்டைக் கரும்பலகையில் ஒரே மூச்சில் நிறுவிக் காட்டக்கூடியவர். கடுகண்ணாவையைக் கடந்து மாவனெல்லையை நோக்கி இறங்கத் தொடங்கியபொழுது, அப்பருவத்தில் அம்மலைச் சரிவுகளிலே பிற்பகலிற் பெய்யும் இடிமழை நம்மைப் பிடித்துக்கொண்டது. மழை தொடங்கிப் பத்து நிமிடமும் ஆகவில்லை, வளைவொன்று எதிர்ப்பட்டது. வேகம் மணிக்கு 35 மைல் அளவில் இருந்தது. அது சற்று அதிகமென உணர்ந்த நண்பர், அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்து, மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றி, கிளச்சைச் சட்டென விட்டார். மறுகணம் வண்டியின் வால் வெளிப்புறமாக வீசியது. அவர் பிறேக்கை அழுத்தினார். வண்டி முழுதும் சுழன்று, வந்த வழியைப் பார்த்த முகமாக, மலையோரக் கானுக்குள் இரு சில்லுகளை இறக்கி நின்றது. தெருவின் மறுபக்கம் பள்ளம். கீழிருந்து ஏறிவந்த லொறி ஒன்று நமக்குப் பத்து யார் தூரத்தில் நின்றது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. லொறிச் சாரதி இறங்கி வந்து, நம் பின் ரயர்களைக் கையாலே தடவிப் பார்த்தார், முன் ரயர்களையும் பார்த்தார், தலையை ஆட்டினார். பின்னர் அவரும் அவருடைய உதவியாளும் கைகொடுக்க, வண்டியைத் தூக்கித் தெருவில் வைத்தோம். இராப்போசனத்துக்குப் பிந்தியே சென்றோம்.

பின்சில்லால் ஓடும் வண்டி மழையில் வழுக்குவது அக்சிலறேற்றரை அளவுக்கு மிஞ்சி அழுத்துவதனால் என்றே பலர் எண்ணுகின்றனர். அதுவும் உண்மையே. ஆயின் அன்று நம் நண்பர் அழுத்தவில்லை, காலை எடுத்தார். எடுத்தமையாலும் வழுக்கும் என்பதே பலரும் அறியாத செய்தி.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் என்பார் அதனை அமைத்தவர். அதிலே எஞ்சின் முன்னே இருக்கும். அதன் ஆற்றல் வண்டியின் அடியில் நீண்டு செல்லும் தண்டினால் பின்னச்சுக்குக் கடத்தப்படும். முன்சில்லுகள் திசைகாட்ட, பின்சில்லுகள் தள்ளும். (இதே இசிகோனிஸ் 1959இல் மினி வண்டியை அமைத்தபொழுது ஆற்றலை முன்சில்லுகளுக்கே கொடுத்துவிட்டார் என்பது சுவையான செய்தி.) ஒவ்வொரு ரயரும் தெருவைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவே. நான்கு உள்ளங்கைகளின் உராய்வே வண்டியை ஓட்டுகிறது, நிறுத்துகிறது, வளைவிலே தாங்குகிறது.

இவ்வுராய்வுக்கு எல்லையுண்டு. ஒரு ரயரின் முழுப்பிடியைப் பத்து என வைத்துக்கொள்வோம். அப்பத்தையும் நெடுக்கே தள்ளுவதற்கோ தடுப்பதற்கோ செலவிடலாம். அல்லது குறுக்கே, வளைவில் வண்டியைத் தாங்குவதற்குச் செலவிடலாம். இரண்டுக்கும் பகிர்ந்தும் கொடுக்கலாம். பகிரும் முறை வெறுங் கழித்தலன்று. நெடுக்கு விசையும் குறுக்கு விசையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருத்தலின், அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் முழுப்பிடியின் வர்க்கத்தை மிஞ்சலாகாது. பைதகரசின் தேற்றத்தைக் கற்ற மாணவர்க்கு இது எளிது. ஜேர்மன் பொறியியலாளர் வுனிபால்ட் காம் என்பாரின் பெயரால் இதனைக் காம் வட்டம் என வழங்குவர்.

இப்பொழுது மழையைக் கொண்டுவருவோம். காய்ந்த தார்த்தெருவில் உராய்வுக் குணகம் 0.8 அளவில் இருப்பின், நனைந்த தெருவில் 0.4 அளவுக்கும் இறங்கக்கூடும். அஃதாவது பத்து ஐந்தாகிவிடும். ஒரு வளைவைக் குறித்த வேகத்திலே கடப்பதற்குக் குறுக்கே நான்கு பங்கு பிடி வேண்டும் எனக் கொள்க. காய்ந்த தெருவில், நூறிலிருந்து பதினாறு போக எண்பத்துநான்கு. அதன் வர்க்கமூலம் ஒன்பதுக்குச் சற்று மேல். நனைந்த தெருவில், இருபத்தைந்திலிருந்து பதினாறு போக ஒன்பது. அதன் வர்க்கமூலம் மூன்று. மழை முழுப்பிடியைப் பாதியாக்கியது. சாரதியின் காலுக்கு எஞ்சியிருந்த பங்கையோ மூன்றிலொன்றாக்கிவிட்டது. வேகமும் வளைவும் மாறவில்லை. சுக்கானிலும் பெரிய வேறுபாடு தோன்றாது. மழைத்தெருவின் வஞ்சகம் இதுவே.

வேகக் கணக்கையும் கூறிவிடுவோம். 130 அடி ஆரையுள்ள, சாய்வற்ற வளைவொன்றைக் காய்ந்த நாளில் மணிக்கு 40 மைல் வரை தாங்கும் ரயர், உராய்வு பாதியானால் 28 மைலோடு கைவிட்டுவிடும்.

நம் நண்பரின் செயலை இனி நோக்குக. காலை எடுத்தவுடன் வண்டி அமர்முடுகுகிறது; நிறை முன்பக்கம் சாய்கிறது. இறக்கத்திலே முன்னரே முன்னோக்கியிருந்த சுமை இன்னும் முன்னே செல்ல, பின்சில்லுகள் தெருவை அழுத்துவது குறைகிறது. அடுத்தது கியர். பிறேக் மிதி நான்கு சில்லுகளையும் தடுக்கும். பின்சில்லால் ஓடும் வண்டியில் எஞ்சினின் தடுப்போ பின்சில்லுகள் இரண்டை மட்டுமே தடுக்கும். இரண்டாம் கியரில் எஞ்சின் விரைவாகச் சுழலவேண்டியிருக்க, கிளச்சைச் சட்டென விட்டமையால், அவ்வெஞ்சினைச் சுழற்றும் வேலை முழுதும் அப்பின்சில்லுகளின் தலையில் விழுந்தது. வளைவின் நடுவிலே கைப்பிறேக்கை இழுத்ததற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை. மூன்று பங்கு எஞ்சியிருந்த இடத்தில் நான்கு கேட்டாயிற்று.

கேட்டது கிடைக்காதபொழுது, சில்லு தெருவோடு ஒத்து உருளுவதை விட்டுத் தேய்ந்து வழுக்குகிறது. அப்படி வழுக்கும் சில்லு நெடுக்குப் பிடியை மட்டுமன்றிக் குறுக்குப் பிடியையும் பெரும்பாலும் இழந்துவிடும். சைக்கிள் ஓடிய எவரும் இதனை அறிவர். ஈரமணலிலே விரைந்து வந்து பின்பிறேக்கை இறுக்கினால், பின்சில்லு நின்றபடியே பக்கவாட்டில் இழுபட்டுச் செல்லும். சிறுவர் அதனை வேண்டுமென்றே செய்து மணலிற் கோடு கீறி மகிழ்வர். காரிலே அந்த மகிழ்ச்சி இல்லை. முன்சில்லு வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். வேகம் தணியத் திரும்பக் கீழ்ப்படியும். பின்சில்லு வழுக்கினாலோ வால் விலக விலக விலக்கும் விசை வளரும். திருத்துவதற்குக் கிடைக்கும் காலம் ஒரு செக்கனுக்கும் குறைவாகலாம்.

மழை தொடங்கிப் பத்து நிமிடமும் ஆகவில்லை என்றோம். நீண்ட வெயிலுக்குப் பின் தெருவிலே தூசியும், வண்டிகள் சிந்திய எண்ணெயும், ரயர் தேய்ந்த இறப்பர்த் துகளும் படிந்திருக்கும். முதற்றூறல் அவற்றைக் குழைத்துப் பூசிவிடும். கழுவிச் செல்ல அதற்கு வலிமை போதாது. யாழ்ப்பாணத்திலே ஆவணி, புரட்டாதி வெயிலுக்குப் பின்வரும் முதல் மழையை நாம் கார்த்திகைப் பெருமழையிலும் அதிகம் அஞ்சவேண்டும். மக்களோ கார்த்திகையில் மெதுவாக ஓடி, முதல் மழையில் விரைந்தோடுவர்.

பெருமழையின் அபாயம் வேறுவகையானது. தேங்கிய நீரை ரயரின் தவாளிப்புகள் வெளியேற்றுவதற்குள் வேகம் மிகுமாயின், ரயர் நீரின்மேல் ஏறி மிதக்கும். நனைந்த ஓடுபாதைகளில் இறங்கும் விமானங்களுக்காக இதனை ஆராய்ந்த நாசா நிறுவனத்தார், 1963இல் ஓர் எளிய விதியை வெளியிட்டனர். ரயரிலுள்ள காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் எனக் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 10.35 ஆற் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என வரும். காற்று 25 இறாத்தல் எனின் ஏறக்குறைய 52 மைல். 16 இறாத்தலுக்கு இறங்கியிருப்பின் 41 மைல். மணற்பாங்கிற் காற்றைக் குறைத்து ஓடுதல் பயன் தருவது கண்டு, மழையிலும் அவ்வாறு செய்வோரை நாம் கண்டிருக்கிறோம். மணல் வேறு, நீர் வேறு.

லொறிச் சாரதி தலையை ஆட்டியதன் பொருளையும் இங்கே சொல்லவேண்டும். நண்பர் புதிய ரயர் இரண்டையும் முன்னே பூட்டி, தேய்ந்தவற்றைப் பின்னே போட்டிருந்தார். திசைகாட்டும் சில்லுக்கே நல்ல ரயர் வேண்டும் என்பது அக்காலத்து எண்ணம். இக்காலத்திலும் அது முற்றாக ஒழியவில்லை. முன்சில்லால் ஓடும் வண்டியாயினும் பின்சில்லால் ஓடும் வண்டியாயினும், இரண்டே புதிய ரயர் வாங்கினால் அவற்றைப் பின்னச்சிற் பூட்டுக என்பதே ரயர் செய்வோர் இன்று கூறும் விதி. வால் வீசுவதைக் காட்டிலும் தலை நேரே ஓடுவது சமாளிக்கத்தக்கது என்பதே அதன் நியாயம். தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைதலாகாது எனப் பல நாடுகளிற் சட்டமுண்டு. மழைக்கு அதுவும் போதாது என்பது நம் கருத்து.

இன்னொரு பழக்கம், பின்பெட்டியில் மணல் மூட்டையோ அரிசி மூட்டையோ ஏற்றுவது. சேறான ஒழுங்கையில் ஒரு பின்சில்லு வீணே சுழல, மற்றது அசையாது நிற்கும் காட்சி எவருக்கும் பழக்கமானது. பின்னச்சின் நடுவிலுள்ள டிபறன்சியல், பிடியற்ற சில்லுக்கு எவ்வளவு விசை செல்லுமோ அவ்வளவையே மற்றச் சில்லுக்கும் கொடுப்பதனால் இது நேர்கிறது. அங்கே மூட்டை உதவும். வளைவிலோ அதே மூட்டை, வால் வீசத் தொடங்கியபின் அதனை மேலும் வலிந்து வீசச் செய்யும்.

வழுக்கியபின் செய்வது யாது? முதலிற் பிறேக்கைத் தொடாதிருத்தல். கியர் மாற்றியதால் வழுக்கியதாயின் கிளச்சை அழுத்துதல். பின்சில்லுகள் எஞ்சினின் பிணையிலிருந்து விடுபட்டு மறுபடியும் உருளத் தொடங்கும். அழுத்தியதால் வழுக்கியதாயின் அக்சிலறேற்றரை மெல்லத் தளர்த்துதல்; சட்டென விடுதல் பிழை. அதே நேரத்தில் வால் எப்பக்கம் ஓடுகிறதோ அப்பக்கமே சுக்கானைத் திருப்புதல். வண்டி உண்மையில் எத்திசை செல்கிறதோ அத்திசையை முன்சில்லுகள் நோக்கவேண்டும் என்பதே இதன் கருத்து. கண்ணும் பள்ளத்தை நோக்காது, போகவேண்டிய தெருவை நோக்கவேண்டும். கை கண்ணைப் பின்பற்றும். வால் திரும்பத் தொடங்கியவுடன் சுக்கானையும் விரைந்து நேராக்குதல் வேண்டும். இதிற் பிந்துவோர் பலர். முதல் வீச்சிற் தப்பிய வண்டி எதிர்ப்பக்கம் அதனிலும் வலிதாக வீசுவது இதனாலேயே. விபத்துகள் பல இந்த இரண்டாம் வீச்சிலே நிகழ்கின்றன.

மொறிஸ் மைனரின் காலம் போய்விட்டதே, இவை இன்று எதற்கு என்று இளைய மாணவர் வினவக்கூடும். சில்லு பூட்டப்படாமற் காக்கும் மின்னணுப் பிறேக் 1978இலும், வால் வீசும்பொழுது ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே தடுத்து வண்டியை நேராக்கும் கருவி 1995இலும் பென்ஸ் வண்டிகளிலே வந்தன. இன்று சாதாரண வண்டிகளிலும் உள்ளன. மிக நல்ல கருவிகளே. எனினும் அவை உள்ள பிடியைப் பங்கிடுமேயன்றி இல்லாத பிடியை உண்டாக்கமாட்டா. அன்றியும், இன்று வீடுகளில் நிற்கும் ஓல்ற்றோ, வகன்ஆர் போன்ற சிறு கார்கள் முன்சில்லால் ஓடுவன. பஸ், லொறி, ஓட்டோ, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே இரவிரவாக ஓடும் ஹையேஸ் வான் ஆகியன பெரும்பாலும் பின்சில்லால் ஓடுவன. வீட்டுக் காரிற் பழகிய இளைஞர் ஒருவர், திருமணத்துக்கோ செத்தவீட்டுக்கோ உறவினரை ஏற்றிச்சென்று இறக்கிவிட்டு, வெறும் வானை மழையிலே திருப்பிக்கொண்டு வருவது நாம் அடிக்கடி காண்பது. பின்னே பாரமில்லை, ரயர் பழையது, வானும் அக்கருவிகள் வருவதற்கு முற்பட்டது. அவருக்காகவே பெரும்பாலும் இதனை எழுதினோம்.

ஆயினும் எழுத்தை வாசிப்பதால் மட்டும் கை பழகாது. நம் நண்பர் கொழும்பிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக ரயர்களை முன்பின்னாக மாற்றிப் பூட்டினார். அதன்பின், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஆளரவமற்ற பெருவெளி ஒன்றுக்கு நம்மையும் அழைத்துச் சென்றார். மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேற் போகாது, சேற்றிலே வண்டியை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, கிளச்சும் சுக்கானுமாகத் திருத்திப் பார்த்தார். பின்னர் நமக்கும் இடம் விட்டார். முதல் ஐந்து முறையும் கால் தானாகவே பிறேக்குக்குச் சென்றது. ஐந்து முறையும் சுழன்றோம். ஆறாம் முறை வண்டி இருமுறை ஆடி, நேரே நின்றது.