பெரிய டயர் போட்டால் டீசல் மிச்சமாகுமா?
சரக்கு வண்டியின் கியர், டயர், எஞ்சின் வேகம் பற்றி ஒரு கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்து மளிகை வணிகர்களில் பலர் இப்போது சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். லாரி ஷெட்டில் பதிவு போட்டுவிட்டு மூட்டை எப்போது வரும் என்று காத்திருந்த நிலை வெகுவாகக் குறைந்துவிட்டது. விடியற்காலையில் புறப்பட்டு, திருச்சி காந்தி மார்க்கெட்டில் கொள்முதலை முடித்து, கடை திறக்கும் நேரத்திற்குள் சரக்கை இறக்கிவிடுகிறோம். வண்டி நமக்கு வசதிதான். ஆனால் கடை வாடகை, கூலி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மாதந்தோறும் கையைக் கடிக்கும் செலவும் அதுவே.

இந்த நிலையில் டயர் மாற்றப் போகும் இடத்தில் ஓர் ஆலோசனை அடிக்கடி காதில் விழுகிறது. "அண்ணே, ஒரு சைஸ் பெரிசாப் போட்டுக்குங்க. எஞ்சின் நிதானமா ஓடும், டீசல் மிச்சமாகும்" என்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைப் போட்டுவிடக் கூடாது. அதற்கு இயந்திரப் படிப்பு எதுவும் தேவையில்லை. பெருக்கல், வகுத்தல் போதும்.

எஞ்சின் சுற்று எப்படி அமைகிறது?

வண்டி ஓடும்போது எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்பதையே ஆர்.பி.எம். என்கிறோம். இதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, டயரின் சுற்றளவு. இரண்டாவது, பின் ஆக்சிலில் உள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்களின் விகிதம். மூன்றாவது, கியர் பெட்டியில் போட்டிருக்கும் கியரின் விகிதம்.

முதலில் டயரைப் பார்ப்போம். அதன் பக்கச் சுவரில் 215/75 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 215 மில்லி மீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், உள்ளே இருக்கும் டிஸ்க் 15 அங்குலம் என்று பொருள். கணக்குப் போட்டால் டயரின் விட்டம் சுமார் 703 மில்லி மீட்டர் வரும். ஒரு முறை முழுதாகச் சுற்றினால் வண்டி சுமார் 2.21 மீட்டர் நகரும். மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்திற்கு 1,000 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு 452 முறை சுற்றுகிறது.

அடுத்தது பின் ஆக்சில். கிரவுனில் 43 பற்கள், பினியனில் 10 பற்கள் என்றால் விகிதம் 4.30 ஆகும். சக்கரம் ஒரு முறை சுற்ற, புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.30 முறை சுற்ற வேண்டும். 452ஐ 4.30 ஆல் பெருக்கினால் சுமார் 1,945. பல பிக்கப் வண்டிகளில் நான்காம் கியர் நேர் கியர். அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். எனவே நான்காம் கியரில் 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுற்று 1,945.

ஐந்தாம் கியர் ஓவர்டிரைவ் கியர். அதன் விகிதம் 0.85 என்று வைத்துக்கொண்டால் எஞ்சின் சுற்று சுமார் 1,650 ஆகக் குறையும். 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கில் உலகெங்கும் இத்தகைய கியர்கள் பரவலாயின.

மேலே சொன்ன 4.30, 0.85 ஆகியவை கணக்கிற்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டிக்கு உரிய எண்களைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இல்லையேல் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்?

இதே வண்டிக்கு 7.00 ஆர் 15 டயர் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 750 மில்லி மீட்டர். சுற்றளவு சுமார் 2.36 மீட்டர். பழைய டயரை விட ஏறத்தாழ ஆறரை சதவீதம் பெரியது. இப்போது 60 கி.மீ. வேகத்தில் ஐந்தாம் கியரில் எஞ்சின் சுற்று 1,650லிருந்து 1,550 ஆகிவிடும். டயர் கடையில் சொன்னது இதைத்தான். இதுவரை சரி.

ஆனால் நம் வண்டி காலியாக ஓடுவதில்லை. டயர் பெரிதானால் சக்கரத்தின் இழுவிசை அதே அளவுக்குக் குறையும். மொத்த எடை 3 டன் உள்ள வண்டியில், கிளப்பும்போதும் மேடு ஏறும்போதும், கூடுதலாக நாலு மூட்டை அரிசி ஏற்றியது போன்ற பாரம் எஞ்சினுக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு மூட்டைக்கு வாடகை கிடையாது, லாபமும் கிடையாது.

டீசல் எஞ்சினுக்கு 1,500 சுற்றுக்குக் கீழே நல்ல இழுவை இருக்காது. சுமையோடு அந்த நிலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் திணறும், வண்டி அதிரும், பழைய வண்டியாக இருந்தால் கரும்புகையும் வரும். பெரிய டயரோடு 60 கி.மீ. வேகத்தில் 1,550 சுற்றில் ஓடும் வண்டி, முன்னால் ஒரு பேருந்து மெதுவாகப் போனாலே 1,500க்குக் கீழே இறங்கிவிடும். டிரைவர் நான்காம் கியருக்கு மாற்றுவார். அப்போது 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுற்று எவ்வளவு? சுமார் 1,825. பழைய டயரில் ஐந்தாம் கியரிலேயே 1,650ல் ஓடிய வண்டி இது. சுற்றைக் குறைப்பதற்காகப் போட்ட டயர் சுற்றை ஏற்றிவிட்டது.

திருச்சியிலிருந்து மாத்தூர், கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை வரும் சுமார் 55 கி.மீ. சாலையில் வேகத்தடையும் ஊர்களும் எத்தனை என்று நமக்குத் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்திக் கிளப்பும்போது கிளட்ச் கூடுதலாகத் தேயும். விராலிமலை வழியாகச் செல்லும் திருச்சி – மதுரை நான்கு வழிச் சாலையில் ஒரே சீராக, குறைந்த சுமையோடு ஓடும் வண்டிக்கு வேண்டுமானால் சிறிது பயன் தெரியலாம். நம் கொள்முதல் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படி ஓடுவதில்லை.

எடைக்கல் மாறினால் தராசு பொய் சொல்லும்

இன்னொரு விஷயம் வணிகர்களுக்கு எளிதில் விளங்கும். வண்டியின் கிலோ மீட்டர் கருவி, கம்பெனி பொருத்திய டயரின் அளவை வைத்து அமைக்கப்பட்ட ஒரு தராசு. டயரை மாற்றுவது எடைக்கல்லை மாற்றுவதற்குச் சமம். மேற்சொன்ன பெரிய டயரில் கருவி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64 கி.மீ. வேகத்தில் ஓடும். 100 கி.மீ. என்று காட்டும்போது 106 கி.மீ.க்கு மேல் ஓடியிருக்கும். சிறிய டயர் போட்டால் இதற்கு நேர்மாறு. ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டுவதால் மைலேஜ் கூடியது போலத் தோன்றும். "டயர் மாற்றினேன், மைலேஜ் ஏறிவிட்டது" என்று யாராவது சொன்னால் முதலில் இந்தக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அதே அளவு டயர் முழுதும் தேய்ந்தாலே சுற்றளவில் சுமார் 2 சதவீதம் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டதும் ஆகும். பெரிய டயரில் பிரேக்கின் பிடிப்பும் அதே அளவுக்குக் குறையும். வண்டியின் உயரம் கூடுவதால் வளைவில் சாய்வு அதிகமாகும். சரக்கு வண்டிகளில் உள்ள 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஏமாந்துபோகும். கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடுக்கிறது. எஃப்.சி.யின்போதோ, விபத்து நேர்ந்து காப்பீட்டுத் தொகை கேட்கும்போதோ இது வில்லங்கமாகலாம்.

டீசல் உண்மையில் எங்கே மிச்சமாகும்?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 60லிருந்து 80 கி.மீ.க்கு ஏற்றினால் அந்த எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். 55 கி.மீ. தூரத்தில் இதனால் நமக்கு மிச்சமாகும் நேரம் 14 நிமிடமே. சாலையில் ஊர்கள் இருப்பதால் அதுவும் முழுமையாகக் கிடைக்காது.

மாதம் 25 நாள், நாளொன்றுக்கு 110 கி.மீ. ஓடும் வண்டிக்கு 2,750 கி.மீ. ஆகிறது. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த வண்டி, நிதானமாக ஓட்டியதால் 13 கி.மீ. கொடுத்தால் மாதம் பதினேழரை லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் சுமார் 1,580 ரூபாய். ஆண்டுக்கு 19,000 ரூபாய்க்கு அருகில் வரும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. டிரைவரிடம் எடுத்துச் சொல்லி, மாதக் கணக்கைப் பார்த்து வந்தால் போதும்.

வண்டி வாங்கும்போதே கவனிக்க வேண்டும்

கியர் விகிதமும் டயரும் பொருந்திய வண்டி வேண்டுமானால் அதை வாங்கும் நாளில்தான் தேர்ந்தெடுக்க முடியும். 2005 ஆம் ஆண்டு வந்த முதல் டாடா ஏஸ் வண்டியில் 702 சி.சி. இரண்டு சிலிண்டர் எஞ்சின், 16 குதிரைத் திறன், நான்கு கியர்கள், 12 அங்குலச் சிறு டயர்கள். தெருத் தெருவாகக் கடைகளுக்குச் சரக்குப் போட அது நல்ல வண்டி. ஆனால் சிறு டயர் 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 590 முறை சுற்ற வேண்டியிருக்கிறது. ஓவர்டிரைவ் கியரும் இல்லாததால் நெடுஞ்சாலையில் அதன் எஞ்சின் இரைச்சலோடு ஓடும். நகருக்குள் விநியோகம் மட்டும் செய்பவருக்குச் சிறு வண்டி போதும். தினமும் திருச்சிக்கோ, வாரந்தோறும் விருதுநகருக்கோ பருப்பும் மல்லியும் ஏற்றச் செல்பவருக்கு ஐந்து கியர் பிக்கப் ஏற்றது.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தால் நலம்:

1. கம்பெனி குறித்த டயர் அளவையே போடுங்கள். சுமை தாங்கும் எண்ணும், சரக்கு வண்டிக்கான எல்.டி. எழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலை குறைவு என்று கார் டயரைப் போடாதீர்கள்.

2. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவாகவும் ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்கட்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் டிபரன்ஷியல் பற்சக்கரங்கள் ஓயாமல் வேலை செய்து தேயும்.

3. பழைய வண்டி வாங்குவதானால், பின் ஆக்சில் அதே மாடலுக்கு உரியதுதானா என்று நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வேறு விகிதமுள்ள கிரவுன் மாற்றியிருந்தாலும் இதே கோளாறுகள் வரும்.

4. சுமை ஏற்றிய வண்டியின் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையிலும் அதற்கு நேராகக் குறித்து, ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளந்து பாருங்கள். அதுவே உங்கள் டயரின் உண்மையான சுற்றளவு.

5. சுமையோடு 1,500 சுற்றுக்குக் கீழே ஐந்தாம் கியரில் இழுக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

கடையில் முத்திரையிட்ட எடைக்கல்லைப் பயன்படுத்தும் நாம் வண்டியிலும் அதே கவனத்தோடு இருந்தால், அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது ஒரு துண்டுத் தாளில் கணக்கைப் போட்டுப் பார்த்து நாமே முடிவு செய்யலாம்.